மற்றவர் பக்கத்திலிருந்து பார்க்கப் பழகுதல்: மாணவர்களுக்கான எழுத்துப் பயிற்சி

‘அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்’ என்ற அறிவுரையைக் கேட்காத மாணவர் இருக்க முடியாது. அதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் இடத்தில் நம்மை வைத்தால், அங்கே போய் உட்காருவது நாம்தான். நம்முடைய பயம், பழக்கம், நமக்குத் தெரிந்த செய்திகள் எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. ‘நானாக இருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன்’ என்ற முடிவோடு எழுந்து வருகிறோம்.

2018இல் தல் எயால், மேரி ஸ்டெஃபெல், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 25 சோதனைகள் கொண்ட ஆய்வொன்றை வெளியிட்டார்கள். இன்னொருவர் இடத்திலிருந்து யோசிக்கும்படி சொல்லப்பட்டவர்கள் அவர் மனத்தைக் கூடுதல் துல்லியமாக ஊகித்துவிடவில்லை. அவரிடமே பேசித் தெரிந்துகொண்டபோதுதான் துல்லியம் கூடியது. இங்கே சொல்லப்போகும் பயிற்சி அதை ஒட்டியது: ஊகத்தை எழுதுவது, நேரில் கேட்பது, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறிப்பது.

தேவைப்படுவது ஒரு நோட்டும் மூன்று அமர்வுகளும். முதல் நாள் எழுத 40 நிமிடம், பேச 15 நிமிடம், பேசிய அன்றே ஒப்பிட்டு எழுத 20 நிமிடம்.

கண்ணிலிருந்து தொடங்குங்கள்

முதல் முறை செய்கிறவர்கள் 10 நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். வகுப்பறையில் உங்கள் இடத்தில் உட்கார்ந்தபடியே, எதிர் மூலையில் இருப்பவருக்கு அறை எப்படித் தெரியும் என்று பென்சிலால் வரையுங்கள். அழகு வேண்டாம். எது எதை மறைக்கிறது, எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று தெரிந்தால் போதும். பிறகு அந்த மூலைக்குப் போய் உட்கார்ந்து, தவறிய இடங்களை வேறு நிறத்தில் திருத்துங்கள்.

உளவியலர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் 1948இல் வெளியிட்ட நூலில் குழந்தைகளுக்கு இதேபோன்ற சோதனை உண்டு. மேசைமேல் மூன்று மலைகளின் மாதிரி. வேறொரு பக்கத்தில் இருக்கும் பொம்மைக்கு எந்தக் காட்சி தெரியும் என்று குழந்தை சொல்ல வேண்டும். சிறு குழந்தைகள் தங்களுக்குத் தெரியும் காட்சியையே காட்டினார்கள். வளர்ந்தவர்கள் இடம் வலத்தை ஓரளவு சரியாகவே மாற்றிவிடுவார்கள். ஆனால் அந்த மூலையில் வெயில் கண்ணைக் கூசுவதும், கரும்பலகையின் ஓரம் பளபளத்து எழுத்து தெரியாமல் போவதும் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியவரும். திருத்தியபோது எந்த நிறம் எங்கே அதிகம் விழுந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்களைப் பற்றி எழுதும்போதும் பிழைகள் பெரும்பாலும் இப்படித்தான் அமையும்: வடிவம் சரியாக இருக்கும், அங்கே இருப்பவர் படும் பாடு விடுபட்டிருக்கும்.

எந்த நிகழ்வை எடுப்பது

கடந்த ஒரு வாரத்தில் நடந்ததாக இருக்கட்டும். நீங்கள் நேரில் இருந்திருக்க வேண்டும். மற்றவரிடம் போய்க் கேட்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சின்ன உரசல் போதும். பெரிய சண்டையை முதலில் எடுத்தால் பயிற்சி வழக்காடலாகிவிடும். உங்களை மிரட்டியவர், அவமானப்படுத்தியவர், உடலால் துன்புறுத்தியவர் ஆகியோரின் பக்கத்தை எழுதிப் பார்க்க இது இடமல்ல. அதை நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லுங்கள். யார் கேட்டாலும் அதைப் பயிற்சியாக எழுதத் தேவையில்லை.

இங்கே ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். நான்கு மாணவர்கள் சேர்ந்து வகுப்பில் ஒரு விளக்கவுரை தர வேண்டும். ஒருவருடைய பகுதி மட்டும் தாமதமாக வந்தது. மற்றொருவர் அதைப் பற்றி எழுதுகிறார்.

முதல் பக்கம்: கேமராவில் பதிவாவது மட்டும்

நடந்ததைப் பத்து வரிக்குள் எழுதுங்கள். கேமராவிலும் ஒலிப்பதிவிலும் பிடிபடாத எதுவும் வரக்கூடாது.

பெரும்பாலோர் எழுதுவது இது: ‘அவர் அலட்சியமாகக் கடைசி நேரத்தில் அனுப்பினார், என் செய்தியைக் கண்டுகொள்ளவே இல்லை.’ இதில் பதிவாகக்கூடியது பாதிகூட இல்லை. திருத்தியது: ‘மாலை 6 மணிக்குத் தருவதாக நால்வரும் முடிவு செய்தோம். 7:30க்கு நான் ஒரு செய்தி அனுப்பினேன். பதில் வரவில்லை. 11:10க்குக் கோப்பு வந்தது, உடன் விளக்கம் ஏதும் இல்லை. மறுநாள் காலை நான் அவரிடம் பேசவில்லை.’

எழுதி முடித்ததும் ‘வேண்டுமென்றே’, ‘எப்போதும்’, ‘அலட்சியமாக’, ‘ஒரு பொருட்டாகவே’ போன்ற சொற்களின் கீழ்க் கோடிட்டு, ஒவ்வொன்றையும் நீக்குங்கள். அல்லது அதற்கு அடிப்படையான செயலை அந்த இடத்தில் எழுதுங்கள். திருத்திய வடிவின் கடைசி வரியைக் கவனியுங்கள். எழுதுகிறவர் செய்ததும் அதில் இருக்கிறது. முதல் வடிவில் அவர் வெறும் பாதிக்கப்பட்டவர்.

இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. 1967இல் உளவியலர்கள் ஜோன்ஸும் ஹாரிஸும் செய்த சோதனையில், கியூபாவின் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது எழுதியவருக்கு விதிக்கப்பட்டது என்று சொல்லியும்கூட, படித்தவர்கள் அதை ஓரளவு அவருடைய சொந்தக் கருத்தாகவே எடுத்துக்கொண்டார்கள். செயலைப் பார்த்ததும் ஆளின் குணத்தை முடிவு செய்வது அவ்வளவு வேகமாக நடக்கிறது. சூழ்நிலை கண்ணெதிரே இருந்தாலும் அது எடைபோடப்படுவதில்லை.

இரண்டாம் பக்கம்: உங்கள் தரப்பு

இதைத் தாண்டிப் போக வேண்டாம். பெருந்தன்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்துத் தம் கோபத்தை எழுதாமல் விடுகிறவர்களுக்கு, அந்தக் கோபம் அடுத்த பக்கத்தில் மற்றவர் வாயிலாக வந்து நிற்கும். எனக்கு என்ன வேண்டியிருந்தது, அப்போது எனக்கு என்ன தெரியும், எதற்குப் பயந்தேன் என்ற மூன்றுக்கும் விடை எழுதுங்கள். நியாயமாக எழுத வேண்டியதில்லை. உண்மையாக இருந்தால் போதும்.

மூன்றாம் பக்கம்: கூற்று மாற்றி எழுதுதல்

இதுதான் கடினமான பகுதி. சங்க அகப்பாடல் படித்தவர்களுக்கு இதன் அடிப்படை தெரிந்ததே. உடன்போக்கு (தலைவி வீட்டாருக்குத் தெரியாமல் தலைவனோடு போய்விடுவது) என்ற ஒரே நிகழ்வைத் தோழி ஒரு விதமாகச் சொல்கிறாள், மகளைத் தேடிப் போகும் செவிலி, அதாவது வளர்ப்புத்தாய், ஒரு விதமாகச் சொல்கிறாள், வழியில் பார்த்த கண்டோர் இன்னொரு விதமாகச் சொல்கிறார்கள். செவிலியின் துயரம் பொய்யென்று யாரும் சொல்வதில்லை. தோழி செய்தது தவறு என்றும் தீர்ப்பு வருவதில்லை. ஒவ்வொரு கூற்றும் அவரவருக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து முழுமையாக நிற்கிறது. அந்த முறையில், நடந்ததை மற்றவரின் கூற்றாக, ‘நான்’ என்று தொடங்கி, பதினைந்து வரி எழுதுங்கள்.

அதற்கு முன் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் அவருக்கு அப்போது தெரிந்தவற்றையும் வலப்பக்கம் தெரியாதவற்றையும் எழுதுங்கள். எடுத்துக்காட்டில், 6 மணிக்குப் பிறகு மற்ற மூவரும் கோப்புக்காகக் காத்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எழுதுகிறவருக்குப் போன முறை மதிப்பெண் குறைந்ததும், அதனால் வந்த பதற்றமும் தெரியாது. வலப்பக்கத்தில் உள்ள எதுவும் கூற்றுக்குள் நுழையக்கூடாது.

நமக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு எளிதில் போவதில்லை. 1990இல் எலிசபெத் நியூட்டன் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சிலரை, எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளின் தாளத்தை மேசையில் விரலால் தட்டச் சொன்னார். கேட்பவர்களில் பாதிப் பேர் கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 முறை தட்டியதில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவருக்கு மெட்டு மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது, எதிரில் இருப்பவருக்கு வெறும் தட்டல் ஓசை.

எழுதிய கூற்றை இரண்டு விதமாகச் சோதிக்கலாம். அவர் தம் தவறை ஒப்புக்கொள்வதாக அதில் ஒரு வரியாவது இருக்கிறதா? இருந்தால் அது அவர் கூற்றல்ல, உங்கள் விருப்பம். ‘நான் சோம்பேறித்தனமாக இருந்துவிட்டேன்’ என்று தம்மைப் பற்றி எண்ணிக்கொண்டு யாரும் வேலை செய்வதில்லை. அடுத்து, இதை அவரிடம் கொடுத்தால் கீழே கையெழுத்துப் போடுவாரா? போடமாட்டார் என்று தோன்றும் வரியை மாற்றுங்கள்.

தேறக்கூடிய கூற்று இப்படி இருக்கும்: ‘6 மணி என்பது முடிந்தால் என்ற பொருளில்தான் எனக்குப் பட்டது. வகுப்பு மறுநாள் 10 மணிக்குத்தானே. பாதி வேலையை அனுப்பினால் குறை சொல்வார்கள், அதனால் முடித்தே அனுப்பலாம் என்றிருந்தேன்.’ இது சரியா என்பது இன்னும் தெரியாது. இதுவரை செய்தது நல்ல ஊகம், அவ்வளவே. பலரும் இந்த இடத்தில் நோட்டை மூடிவிடுகிறார்கள். மனம் இளகியிருக்கும், புரிந்துவிட்டது போலவும் இருக்கும். அந்த நிறைவை நம்பக்கூடாது.

கேட்பது

ஓரிரு நாளுக்குள் தனியாகச் சந்தியுங்கள். செய்தி அனுப்பிக் கேட்பதைவிட நேரில் கேட்பது நல்லது. ‘ஏன்’ என்று தொடங்கினால் விளக்கம் வராது, தற்காப்புதான் வரும். ‘ஏன் லேட்டா அனுப்பின?’ என்பதற்குப் பதில் ‘அன்னிக்குச் சாயங்காலம் உன் பக்கம் என்ன நடந்துச்சு?’ என்று கேளுங்கள். ஆசிரியரிடம் என்றால், ‘அந்த முடிவு எடுக்கும்போது நீங்க எதையெல்லாம் பார்க்க வேண்டியிருந்தது?’ என்று கேட்கலாம். முதல் பதில் பெரும்பாலும் ஒற்றை வரியாக இருக்கும். நடுவில் பேசாமல் சற்றுக் காத்திருந்து, ‘அப்புறம்?’ என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் ஊகத்தை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். ‘முடிச்சிட்டு அனுப்பலாம்னு இருந்தியா?’ என்று கேட்டால், மரியாதைக்கு ‘ஆமா’ என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் சொல்லி முடித்ததும் நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, ‘சரியா சொல்றேனா?’ என்று கேளுங்கள். எதிரில் பேசியவருக்கு நிறைவு வரும்படி அவர் கருத்தைத் திருப்பிச் சொன்ன பிறகே தன் கருத்தைச் சொல்லலாம் என்ற விதியை உளவியலர் கார்ல் ரோஜர்ஸ் 1950களிலேயே முன்வைத்தார். இந்தச் சந்திப்பில் உங்கள் பக்கத்தை வாதாட வேண்டாம். வாதாடத் தொடங்கினால் அடுத்த முறை அவர் உண்மையைச் சொல்லமாட்டார்.

கேட்க முடியாதவர்களும் உண்டு: காலமானவர், வேறு நாட்டவர், பொதுவிவாதத்தில் எதிர்த்தரப்பு. அப்போது அவர்கள் தாமே எழுதியதையோ பேசியதையோ குறைந்தது இரண்டு இடங்களிலிருந்து படியுங்கள். அவர்களை மறுத்து எழுதியவர் தரும் சுருக்கம் இதற்கு உதவாது. அந்தத் தரப்பின் பலவீனமான வாதத்தைத் தேடாமல், அவர்களே வலுவானதென்று கருதும் வாதத்தைத் தேடிப் படியுங்கள்.

நான்காம் பக்கம்: இடைவெளி

பேசிய அன்றே, அவர் சொற்கள் மறக்கும் முன், மூன்றாம் பக்கத்துக்குத் திரும்புங்கள். சரியாக ஊகித்த வரிக்கு ‘ச’, உங்களுக்குத் தெரியவே வழியில்லாத செய்திக்கு ‘வி’ (விடுபட்டது), தெரியாததை நீங்களே கற்பித்துக்கொண்டதற்கு ‘க’ என்று ஓரத்தில் குறியுங்கள். எடுத்துக்காட்டில் அவர் சொன்னது இது: ‘என் பகுதியில இருந்த ஓர் எண் உன் பகுதியோட ஒத்துப்போகல. எது சரின்னு பார்க்கத்தான் நேரம் போச்சு. உன்னோடதுதான் தப்புன்னு தெரிஞ்சப்ப எப்படிச் சொல்றதுன்னு தெரியல.’ 6 மணியை அவரும் உறுதியான நேரமாகவே எடுத்திருந்தார். அந்த வரிக்கு ‘க’. எண்ணைப் பற்றியது ‘வி’.

‘வி’ அதிகம் இருந்தால் குறை உங்கள் கற்பனையில் இல்லை. சீக்கிரம் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘க’தான் நின்று பார்க்க வேண்டிய இடம். நான்கைந்து நிகழ்வுகளில் ஒரே வகையான ‘க’ திரும்பத் திரும்ப வரும். சிலர் எல்லோருக்கும் சோம்பலைக் கற்பிப்பார்கள். சிலர் எல்லோரும் தம்மைக் குறைவாக நினைப்பதாகவே எழுதுவார்கள். பத்துப் புத்தகம் படித்தாலும் கிடைக்காத செய்தி அது, உங்களைப் பற்றியது.

கருத்து மோதலில்

‘நடுநிலையோடு படிக்கிறேன்’ என்று உறுதி எடுத்துக்கொள்வது பயன் தராது. 1979இல் லார்ட், ராஸ், லெப்பர் ஆகியோர் மரண தண்டனையை ஆதரிக்கும் 24 மாணவர்களுக்கும் எதிர்க்கும் 24 மாணவர்களுக்கும் ஒரே ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தபோது, ஒவ்வொரு தரப்பும் தனக்கு ஒவ்வாத ஆய்வில்தான் அதிகக் குறை கண்டது. 1984இல் இன்னொரு சோதனையில், பாரபட்சமின்றிப் படியுங்கள் என்று சொன்னது பலிக்கவில்லை. ‘இதே ஆய்வு எதிர்மாறான முடிவைத் தந்திருந்தால், இதைப் பற்றி இப்படியே மதிப்பிட்டிருப்பீர்களா?’ என்று யோசிக்கச் சொன்னது பலித்தது. அந்தக் கேள்வியை நோட்டின் முன் அட்டையில் எழுதி வையுங்கள். ஒரு வாதத்தில் குறை கண்டதும், அதே குறை உங்கள் தரப்பு வாதத்தில் இருக்கிறதா என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

சரிபார்க்கக்கூடிய உண்மைக்கு இரண்டு கோணம் கிடையாது. எடுத்துக்காட்டில் அந்த எண் தவறு என்றால் தவறுதான். எழுதுகிறவரின் கோணத்தில் அது சரியாகிவிடாது. கோணம் என்பது அதை எப்படிச் சொல்வது என்று மற்றவர் தயங்கியதில் இருக்கிறது.

கட்டுரையாகத் தர வேண்டியிருந்தால்

பல கல்லூரிகளில், அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுத கிரஹாம் கிப்ஸ் 1988இல் தந்த ஆறு படிகளைக் கேட்பார்கள்: விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம். ஆறுக்கும் சம இடம் கொடுக்கத் தேவையில்லை. 800 சொல் என்றால் விவரிப்பு 150ஐத் தாண்ட வேண்டாம். இடைவெளிப் பக்கத்திலிருந்து 400 சொல்லாவது வரட்டும். மற்றவரின் பெயரையும் அடையாளத்தையும் நீக்குங்கள். அவர் தனியாகச் சொன்னதைச் சேர்ப்பதானால் அனுமதி கேளுங்கள்.

‘இதன்மூலம் பிறரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டேன்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். நிகழ்வு நடப்பதற்கு முன்பே அதை எழுதியிருக்க முடியும். பதிலுக்கு: ‘பதில் வராததை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டேன். என் பிழையைச் சொல்ல அவர் தயங்கியதே காரணம் என்பது கேட்ட பிறகே தெரிந்தது. அடுத்த குழு வேலையில், வேலை முடியாத நிலையில் உள்ள கோப்பையும் 6 மணிக்கு அனுப்பலாம் என்றும், எண் முரண்பட்டால் உடனே அழைக்கலாம் என்றும் முதல் கூட்டத்திலேயே எழுதி வைப்போம்.’

வாரம் ஒரு நிகழ்வு என்று எட்டு வாரம் செய்யுங்கள். நான்காம் வாரத்திலும் எட்டாம் வாரத்திலும் பழைய பக்கங்களில் ‘க’ குறியிட்ட வரிகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாகப் பெயர்த்தெழுதுங்கள். எட்டாம் வாரத் தாளிலும் அதே கற்பிதம் இருந்தால், அடுத்த நிகழ்வில் மூன்றாம் பக்கத்தை எழுதுவதற்கு முன் அந்த வரியைப் பக்கத்தின் தலைப்பில் எழுதி, அதைப் பயன்படுத்தாமல் கூற்றை எழுதிப் பாருங்கள்.