டிவியில் கம்ப்யூட்டரை இணைக்க எந்த கிராபிக்ஸ் கார்டு?

கடைக்குப் போகும் முன் டிவியின் பின்பக்கத்தை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலான டிவிகளில், கம்ப்யூட்டர் மானிட்டர்களில் வரும் டிஸ்ப்ளேபோர்ட் இருக்காது, எச்டிஎம்ஐதான் இருக்கும். அதனால் கார்டிலும் எச்டிஎம்ஐ இருக்க வேண்டும், அதுவும் எந்த வெர்ஷன் என்பதுதான் முக்கியம். 1.4 என்றால் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் மாறும், மவுஸை நகர்த்தினாலே அம்பு தத்தித் தத்திப் போவது கண்ணுக்குத் தெரியும். விலை குறைவு என்று, 1.4 மட்டுமே உள்ள ஜிடி 710 கார்டை வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2.0 இருந்தால் 60 கிடைக்கும், படம் பார்க்க அது தாராளம். 4கே-யில் 120 வேண்டும் என்கிற கேம் பிரியர்கள் மட்டும் 2.1 தேடுங்கள், டிவியிலும் 2.1 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

வெறும் படம், யூடியூப் என்றால் ஜிடி 1030 போதும். தனி பவர் கேபிள் கேட்காது, சின்ன கேபினெட்டிலும் உட்காரும், ஆனால் யூடியூபில் ஏவி1 என்ற முறையில் சுருக்கி வரும் வீடியோவை அது தானாக விரித்துக் காட்டாது, அந்தச் சுமை பிராசசர் தலையில் விழும். ஃபேன் இல்லாத மாடல் கிடைத்தால் விடாதீர்கள், ராத்திரி அமைதியில் படம் பார்க்கும்போது அதன் அருமை தெரியும்.

அப்புறம், கேபிளை மதர்போர்டில் அல்ல, கார்டிலேயே செருகுங்கள். ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் டிவி செட்டிங்கில் ஓவர்ஸ்கேனை (படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை மறைக்கும் வசதி) அணையுங்கள்.