பாறையில் கை வைக்கும் முன்: இலங்கை மலையகத்தில் ஏறுபவர்கள் செய்யும் தவறுகள்

ஹப்புத்தளைப் பக்கம் ஒரு பாறையடியில் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தோம். கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் குரல் கொடுத்தார்: "தம்பி, மேல பார்த்தீங்களா? குளவி கட்டியிருக்கு." நாங்கள் ஏற நினைத்த வழிக்கு நேர் மேலே, பாறை துருத்திய இடத்தில் கறுப்பாக ஒரு கூடு. அதன் மேற்பரப்பு அலை அலையாக நெளிந்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டோம்.

இயற்கையோடு இருக்கத்தான் பாறை ஏறுகிறோம். ஆனால் ஏறும் வழியை மட்டும் பார்த்துவிட்டுக் கை வைப்பதுதான் பெரிய தவறு. தேயிலைத் தோட்டத்தில் குளவி என்று சொல்வது பல நேரம் மலைத்தேனீதான். தரையில் நிற்பவர் ஓடலாம், கயிற்றில் தொங்குபவர் எங்கே ஓடுவது? பத்து நிமிடம் நின்று பாறையை முழுதாகப் பாருங்கள். பழைய கூட்டின் தடம் மட்டும் இருந்தாலும் நம்ப வேண்டாம், இடம்பெயர்ந்த தேனீ அடுத்த பருவத்தில் அதே பாறைக்குத் திரும்பி வரும். அடியில் நெருப்பு மூட்டுவது, சென்ட் பூசிக்கொண்டு வருவது, ட்ரோன் விடுவது எதுவும் வேண்டாம்.

அடுத்தது மழை. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கத்தை நனைக்கும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை ஊவாப் பக்கம் வரும். ஊவாப் பக்கத்து எல்ல ஊரில் வெயில் என்று கேட்டு ஹட்டனுக்குக் கயிறு தூக்கிப் போகாதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் காலை பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் இடி இறங்கும். மதியத்துக்குள் கீழே வந்துவிடுங்கள்.

நம் மலைகளில் நைஸ் (gneiss) என்னும் அடுக்கடுக்கான பாறை அதிகம். அடுக்குகளுக்குள் தண்ணீர் இறங்கி ஓடு ஓடாகப் பெயரும். பிடிக்குமுன் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டிக் கல் 'டக்' என்னும், பெயர்ந்த கல் வெறும் பானை போல ஒலிக்கும். நாள்கணக்கில் மழை பெய்திருந்தால் பாறை காய்ந்தாலும் அதற்குப் போகும் சரிவு காயாது. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்சரிவில் மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை உள்ள பகுதிக்குப் போகவே கூடாது.

ஹெல்மெட், ஒருவர் முடிச்சை மற்றவர் பார்ப்பது, கயிற்றின் கடைசி முனையில் ஒரு முடிச்சு. இவற்றில் சமரசமே இல்லை.

அப்புறம், பிடி தெரியவேண்டும் என்று பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டுகிறார்கள். இடுக்கில் வேர்விட்ட ஓர்க்கிட்டும் அதோடு போய்விடும். அந்த இடுக்கில் கசியும் தண்ணீரைத்தான் குழாய் போட்டு லயத்துக்குக் கொண்டுபோகிறார்கள், அதன் பக்கத்தில் அசுத்தம் செய்யாதீர்கள். பாறையடியில் சூலம் நட்டு மஞ்சள் பூசியிருந்தால் அது சாமி இடம், வேறு பாறை பாருங்கள். ஏறுமுன் லயத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கே குளவி, எந்தப் பக்கம் சிறுத்தை வந்துபோகிறது என்று அவர்களே சொல்வார்கள். சில வீடுகளில் பிளேன்டீயும் தருவார்கள்.