ஹை ஃப்ளோவா, சிபாப்பா? குழந்தைகள் ஐசியுவில் எதை முதலில் போடுவது

பிராங்கியோலைடிஸிலோ (நுரையீரலின் சின்னக் காற்றுக்குழாய்களில் வரும் தொற்று) நிமோனியாவிலோ மூச்சுத்திணறும் குழந்தைக்கு, மூச்சு மந்தமாகாமல் விழிப்புடன் இருந்தால், ஹை ஃப்ளோவில் (மூக்கு வழியாக வேகமாகச் செலுத்தும் சூடான, ஈரமான ஆக்சிஜன் கலந்த காற்று) தொடங்கலாம். 2022-ல் வெளியான பிரிட்டனின் ஃபர்ஸ்ட்-ஏபிசி ஆய்வில் இத்தகைய குழந்தைகளுக்கு அது சிபாப்புக்கு (காற்றுப்பாதையைத் திறந்து வைக்கத் தொடர்ந்து தரும் காற்றழுத்தம்) சளைத்ததாக இல்லை. மயக்க மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. வென்டிலேட்டரின் மூச்சுக்குழாய் ட்யூபை எடுத்த பிறகு நிலைமை வேறு. அங்கே ஹை ஃப்ளோ சிபாப்புக்கு ஈடு என்று நிறுவப்படவில்லை. அதனால் சின்னக் குழந்தைக்கு அந்த நேரத்தில் சிபாப்தான் எங்கள் முதல் தேர்வு.

ஹை ஃப்ளோ: 12 கிலோ வரை, ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர். 7 கிலோ என்றால் 14 லிட்டர். காற்று 37 டிகிரியில் ஈரமாக இருக்க வேண்டும். ஆக்சிஜனை 40 சதவீதத்தில் தொடங்கி, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 92–97 சதவீதம் வருமாறு மாற்றுங்கள். ப்ராங்ஸ் (மூக்கில் வைக்கும் சிறு குழல்கள்) நாசித் துளையில் பாதியை மட்டுமே அடைக்கட்டும். முழுக்க அடைத்தால் உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று தெரியாது.

சிபாப்பில் நேர்மாறு: ப்ராங்ஸ் இறுக்கமாகப் பொருந்தினால்தான் அழுத்தம் நிற்கும். ஆனால் தோல் வெளுக்கக் கூடாது, மூக்கின் நடுத்தண்டை அழுத்தவும் கூடாது. 5–8 செ.மீ. நீரழுத்தம் போதும். பபிள் சிபாப்பில் வெளிமூச்சுக் குழாய் நீருக்குள் மூழ்கும் ஆழமே அழுத்தம்.

குமிழி நின்றுவிட்டதா? ப்ராங்ஸை மூக்கிலிருந்து எடுத்து, கையுறை போட்ட விரலால் அடைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு மூக்கிலோ திறந்த வாயிலோ. வராவிட்டால் குழாய் இணைப்பையும் ஹியூமிடிஃபையர் (காற்றை ஈரமாக்கும் கருவி) மூடியையும் பாருங்கள். குமிழி வருவதால் மட்டும் நம்பிவிடவும் முடியாது: வெளிமூச்சுக் குழாயில் நீர் தேங்கினால் அழுத்தம் கூடும், மூக்கில் சளி அடைத்தால் நுரையீரலுக்குப் போகாது. வயிறு உப்பாமல் இருக்க வாய்வழியாக வயிற்றுக்குள் போகும் குழாய் ஒன்றைத் திறந்தே வையுங்கள்.

வடிக்காத நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றித் தேங்கிய காற்று) இருந்தால், இவற்றைப் போடும் முன் முதலில் அதை வடியுங்கள்.

ஒரு மணி நேரத்தில் மூச்சு எண்ணிக்கையும் நாடித்துடிப்பும் இறங்க வேண்டும். இறங்காமல், ஹை ஃப்ளோவில் ஆக்சிஜன் 60 சதவீதத்தைத் தாண்டினால் சிபாப்புக்கு மாற்றுங்கள். சிபாப்பிலும் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் பைபாப் (உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் வெவ்வேறு அழுத்தம்). மூச்சு நின்று நின்று வந்தாலோ குழந்தை துவண்டாலோ இன்ட்யூபேஷனை (மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவதை) தள்ளிப்போடாதீர்கள்.

தேறியபின் ஆக்சிஜன் 40 சதவீதத்துக்குக் கீழ் வந்ததும் ஃப்ளோவைப் பாதியாக்குங்கள். சில மணி நேரம் தாக்குப்பிடித்தால் கழற்றிவிடலாம்.