மலையில் விசேஷமா? எந்தக் கேமரா எடுக்கலாம் என்று படிப்படியாகப் பார்ப்போம்

கோத்தகிரியில் இருக்கிறேன். முகூர்த்த மாதம் வந்தாலே சொந்தக்காரர்கள் கேட்பது இதுதான்: "வீட்டு விசேஷத்துக்குப் படம் எடுக்கணும், எந்தக் கேமரா வாங்கலாம்?" தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காகத் தேடிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்த வழியை இங்கே எழுதுகிறேன். போனில் படம் எடுத்துப் பழகி, அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்கானது இது.

படி 1: விலைக்கு முன்னால் வெளிச்சம்

விசேஷம் எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். நம் மலையில் இதைத் தவிர்க்கவே முடியாது. காலை ஆறு மணி முகூர்த்தம் என்றால் மண்டபத்துக்குள் டியூப்லைட்தான் கதி. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். பகலில் வெயில் அடித்த புல்வெளி அரை மணி நேரத்தில் மேகத்துக்குள் போய்விடும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலைரயிலில் குடும்பமாக வருகிறீர்கள் என்றால், ஊட்டி வரை 46 கிலோமீட்டரில் 16 குகைகள். வெயிலும் இருட்டும் மாறி மாறி வரும்.

எழுதிய பிறகு ஒன்றை மட்டும் பாருங்கள்: வெளிச்சம் குறைந்த இடத்தில் ஆட்கள் அசைந்துகொண்டிருப்பார்களா? தாலி கட்டும் கை, ஆடும் குழந்தை, ஊர் ஆட்டம், எல்லாம் இதில் சேரும். இல்லை என்றால் உங்கள் போனே போதும். மிச்சப் பணத்தில் நல்ல ஆல்பம் போடுங்கள். ஆம் என்றால் மேலே படியுங்கள்.

படி 2: வகைகள், சுருக்கமாக

போன்: இருட்டில் நைட் மோடு பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. நிற்கும் ஆளுக்கு அருமை, அசையும் ஆளுக்குக் கலங்கல். போர்ட்ரெய்ட் மோடு பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்குவதால், மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும் சில நேரம் வெட்டிவிடும்.

சின்ன காம்பாக்ட், பெரிய ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமரா: இரண்டிலும் பெரும்பாலும் சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு, சுமார் 6.2-க்கு 4.6 மி.மீ. தான். சின்னதாக இருப்பதால் இருட்டில் திணறும். பகலில் பைக்காரா அணையோரம் பறவை எடுக்க பிரிட்ஜ் நல்லது. மண்டபத்துக்கு வேண்டாம்.

டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ்: இரண்டிலும் லென்ஸைக் கழற்றி மாட்டலாம். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் காட்சியை உள்ளே இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி மூலம் நேரே பார்க்கிறீர்கள்; மிரர்லெஸ்ஸில் கண்ணாடி கிடையாது, எடுக்கப்போகும் படத்தையே திரையில் காட்டுகிறது. ஆரம்பநிலை மாடல்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5-க்கு 15.6 மி.மீ., பரப்பில் அந்தச் சின்ன சென்சாரைப் போல 13 மடங்கு. 36-க்கு 24 மி.மீ. ஃபுல் பிரேம் இன்னும் பெரிது, விலையும் எடையும் அப்படியே. வீட்டு விசேஷத்துக்கு ஏபிஎஸ்-சி தாராளம் என்பது என் உறுதியான கருத்து. புதிதாக வாங்குபவர்கள் மிரர்லெஸ்ஸுக்கே போங்கள். பணம் குறைவு என்றால் செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் நல்ல பேரம், பேட்டரியும் அதிக நேரம் தாங்கும்.

மெகாபிக்சல் பற்றி ஒரு வரி போதும்: 24 தாண்டிக் கேட்க வேண்டாம்.

படி 3: லென்ஸில் எழுதியிருக்கும் எண்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

கேமராவோடு பெட்டியில் வரும் கிட் லென்ஸில் 18-55 மி.மீ., அப்புறம் 3.5-5.6 என்று இருக்கும். முதல் எண் எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பது; இரண்டாவது எண்தான் லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பது. எண் சின்னதாக இருந்தால் திறப்பு பெரிது. 55-க்கு ஜூம் செய்தால் 5.6-க்கு மேல் திறக்காது. தனியாக விற்கும் 50 மி.மீ. 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ என்பது கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண்; ஷட்டர் வேகம் என்பது ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் வெளிச்சம் விழுகிறது என்பது. அதாவது, ஐஎஸ்ஓ 12800 வைத்துப் புள்ளிபுள்ளியாக வரும் படம், அதே ஷட்டர் வேகத்தில் ஐஎஸ்ஓ 1250-க்கு இறங்கிவிடும். விலையுயர்ந்த பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) தாவினால்கூட இவ்வளவு வித்தியாசம் கிடைக்காது. ஆகவே பாடியில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள்.

ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. கொஞ்சம் நெருக்கிக் காட்டும். சின்ன வீட்டுக் கூடம் என்றால் 35 மி.மீ. 1.8 வாங்குங்கள். மணமக்கள் முன்பின்னாக நின்றால் 1.8-ல் ஒருவர் முகம் மட்டும் தெளிவாக வரும், 2.8-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். குரூப் போட்டோவுக்குக் கிட் லென்ஸே சரி.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் இதைக் கவனியுங்கள். நிக்கான் டி3500, டி5600 போன்ற மாடல்களின் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மி.மீ. 1.8 டி லென்ஸை மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. ஏஎஃப்-எஸ் என்று எழுதிய 1.8 ஜி லென்ஸைக் கேட்டு வாங்குங்கள். கேனன் டிஎஸ்எல்ஆர் லென்ஸை அவர்களுடைய ஆர்எஃப் மிரர்லெஸ்ஸில் மாட்ட அடாப்டர் வேண்டும்.

ஐஎஸ்ஓ என்றதும் ஊட்டி இந்து நகர் ஞாபகம் வருகிறது. 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அங்கேதான் இருந்தது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் நம் மலையிலிருந்து நாடெங்கும் போனது. அந்தக் காலத்தில் ரோல் மாட்டினால் 36 படத்துக்கும் ஒரே ஐஎஸ்ஓதான். இன்று ஒவ்வொரு படத்துக்கும் மாற்ற முடிகிறது. ஆகவே ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டு உச்சவரம்பை 6400-ல் வையுங்கள். ஷட்டர் வேகம் 1/125 நொடியைவிட மெதுவாகப் போகவிடாதீர்கள். ஆட்டத்துக்கு 1/250.

படி 4: வெள்ளை உடையும் பனிமூட்டமும்

மார்கழியில் கோத்தகிரி பக்கம் பேரகணி ஊரில், நம் மலையின் படுகர் மக்கள் கொண்டாடும் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எல்லோரும் வெள்ளை உடையில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். படுகர் வீட்டு விசேஷங்களிலும் வெள்ளை நிறைய இருக்கும். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது கேமராவின் இயல்பு. அதனால் வெள்ளை அழுக்காகவும் முகம் கறுத்தும் வரும். பனிமூட்டத்திலும் இதேதான். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்தி +0.7 அல்லது +1 வையுங்கள். வாங்கும் முன் கடையிலேயே, இந்தப் பொத்தான் மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறதா, விரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாத கேமராவை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கோயிலில் எடுக்கலாமா என்று ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: வாங்குவதா, வாடகைக்கா

வருஷத்துக்கு ஒரு விசேஷம் என்றால் வாடகைதான் புத்திசாலித்தனம். கோவையில் கிடைக்கும். ஒரு நாள் முன்னதாகவே எடுத்து, மண்டபத்துக்குப் போய் அதே விளக்கில் சோதித்துப் பாருங்கள்.

வாங்கினால் பராமரிப்பு இருக்கிறது. குன்னூர், கோத்தகிரி ஈரத்தில் பீரோவுக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். உள்ளே நூல்போலக் கோடுகள் தெரியும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் போதும். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். செகண்ட் ஹேண்ட் லென்ஸை டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இரண்டாவது பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளிக்குளிரிலிருந்து சமையல் ஆவியும் ஜனமும் நிறைந்த மண்டபத்துக்குள் நுழைந்தால் லென்ஸ் மேல் நீர் பூக்கும். நுழையும் முன்பே கேமராவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அரை மணி நேரம் கழித்துத் திறவுங்கள். அவசரத்தில் முந்தானையால் துடைக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: மிரர்லெஸ்ஸில் எடுத்த படங்களில் குறுக்கே பட்டை பட்டையாக வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மண்டபத்து எல்இடி விளக்குகள்தான் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். அப்போதும் வந்தால் ஷட்டரை 1/100-ல் வையுங்கள். கை அசைவு கொஞ்சம் தெரிந்தாலும் பட்டை போய்விடும்.

இன்னொன்று: வாடகைக்கு எடுத்த கேமராவில் தன் எஸ்டி கார்டு நுழையவில்லை என்று மஞ்சூரிலிருந்து ஒருவர் எழுதினார். சில உயர்நிலை மாடல்களுக்குச் சிஎஃப் எக்ஸ்பிரஸ் என்ற வேறு வகை மெமரி கார்டு வேண்டும். கேமராவைக் கையில் வாங்கும்போதே கார்டும் சார்ஜரும் கேட்டு வாங்கி, அங்கேயே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.