தேக்காவில் சாப்பாடும் தண்ணியும்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அறைத் தோழனைக் கூட்டிக்கொண்டு, நம் ஆட்கள் கூடும் தேக்கா வட்டாரத்துக்குப் போய், ஊரில் சாப்பிட்ட அதே பரோட்டாவையும் சால்னாவையும் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒன்றில் சால்னா தண்ணியாக இருந்தது, ஒன்றில் பரோட்டா வேகவில்லை, மூன்றாவதில் குறை சொல்ல ஒன்றும் இல்லாததால் விலையைக் குறை சொன்னேன். வெள்ளியை (சிங்கப்பூர் டாலருக்கு இங்கே அதுதான் பெயர்) ரூபாயாகப் பெருக்கிக்கொண்டே சாப்பிட்டால் எதுவும் தொண்டையில் இறங்காது.

இப்போது ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் சொல்வது இதுதான். முதல் ஒரு மாதம் ஊர்ச் சாப்பாட்டைத் தேடாதீர்கள். நம் ஆட்கள் இந்த மண்ணுக்கு வந்தபிறகு இங்கேயே உண்டாக்கிய சாப்பாடு ஒன்று இருக்கிறது. அதை முதலில் சாப்பிடுங்கள். இட்லி எங்கேயும் ஓடிவிடாது.

முதலில் பெயர்க் குழப்பம். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ‘லிட்டில் இந்தியா’ என்று போட்டிருக்கும். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, தேக்காதான். அது ஹொக்கியன் என்ற சீன வழக்கில் உள்ள சொல், மூங்கில் புதரடி என்று அர்த்தம். ஒரு காலத்தில் இங்கே மாட்டு வியாபாரம் நடந்தது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்களெல்லாம் அந்த எருமைகள் விட்டுப்போனவை. மலாயில் கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில். பிரசவத்துக்குப் பேர்போன கேகே மருத்துவமனையின் பெயரில் இருக்கும் இரண்டு ‘கே’யும் அதுதான். ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் குதிரைப் பந்தயம் ஓடியது. இப்போது ஓடுவது மீன்தலைக் கறி மட்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ரயில் நிலையத்தில் சி வாசல் வழியாக வெளியே வந்தால் தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடம். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் ஈரச்சந்தை, மறுபக்கம் உணவங்காடி. ஆட்டுக்கறி, மீன், முருங்கைக்காய், வாழைப்பூ எல்லாம் வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்குள் சந்தைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள். அங்காடிப் பக்கம் நாள் முழுக்கக் கூட்டம். மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் தனியாகக் கிடந்தால் யாரோ மறந்துவிட்டுப் போனது என்று எடுத்துவிடாதீர்கள், இடம் பிடித்திருக்கிறார்கள். இதற்கு ‘சோப்’ (chope) என்று பெயர். சட்டத்தில் கிடையாது, ஆனால் சட்டத்தைவிடக் கறாராகக் கடைப்பிடிப்பார்கள்.

சட்டத்தில் இருப்பது தட்டு விஷயம். 2021 செப்டம்பரிலிருந்து சாப்பிட்ட தட்டை நாம்தான் எடுத்துக்கொண்டுபோய் அடுக்கில் வைக்க வேண்டும். முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, இரண்டாவது தடவை 300 வெள்ளி. ஹலால் தட்டுக்கும் மற்றதுக்கும் தனித்தனி அடுக்கு, போர்டைப் பார்த்து வையுங்கள். ஊரில் இலையை மடிப்பதோடு நம் வேலை முடிந்துவிடும் என்பதால் இது கைக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும்.

டீ கேட்பதற்கும் ஒரு இலக்கணம் உண்டு. வெறுமனே ‘தே’ என்றால் டின் பால் ஊற்றித் தித்திப்பாக வரும். ‘தே ஓ’ பால் இல்லாத, சர்க்கரை போட்ட டீ. ‘தே சி’ என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். கடைசியில் ‘கோசோங்’ சேர்த்தால் சர்க்கரை வேண்டாம், ‘பெங்’ சேர்த்தால் ஐஸ். இஞ்சி டீக்கு ‘தே ஹலியா’. காப்பிக்கும் இதே கணக்கு, ‘தே’ இடத்தில் ‘கோப்பி’. தமிழ்க் கடையில் “அண்ணே, சீனி கம்மியா ஒரு டீ” என்றாலே போதும்தான். ஆனால் உங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடைச் சீனப் பாட்டியிடம் அது செல்லாது. தேக்காவிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

இனி சாப்பாடு. மீ கோரேங் ஊரில் கிடைக்காது. மஞ்சள் நூடுல்ஸைச் சிவக்கச் சிவக்கப் பிரட்டி, முட்டையும் உருளைக்கிழங்கும் போட்டு, ஓரத்தில் வெள்ளரிக்காயும் தக்காளி சாஸும் வைத்துத் தருவார்கள். தட்டைப் பார்த்தவுடன் நாக்கு யோசிக்கும், மூன்றாவது வாயில் பழகிவிடும். நம் முஸ்லிம் கடைக்காரர்கள் சீனர்களின் மீயை எடுத்து நம் காரத்தைப் போட்டுச் செய்தது இது. அதே மாதிரிதான் இந்திய ரோஜாக். கண்ணாடிப் பெட்டியில் வடை, உருளைக்கிழங்கு, டோஃபு, இறால் வடை என்று பொரித்த அயிட்டங்கள் குவிந்திருக்கும். வேண்டியதை எடுத்துக் கொடுத்தால் சுடவைத்து நறுக்கி, தொட்டுக்கொள்ள சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேர்த்த இனிப்புக் காரச் சாறும் தருவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை என்பதை மட்டும் மறக்காதீர்கள். பசியோடு இடுக்கியைக் கையில் எடுத்தவன் கதி கல்லாவில் தெரியும்.

பராட்டா நம் பரோட்டாவின் தம்பி. கொஞ்சம் மெல்லிசு, கொஞ்சம் மொறுமொறுப்பு. ஒன்றும் வைக்காத பராட்டாவும் ‘கோசோங்’தான். பக்கத்து மேசையில் ஒருவர் குழம்பைத் தள்ளிவிட்டுச் சீனி தொட்டுச் சாப்பிடுவார். முகம் சுளிக்காதீர்கள், ஒருநாள் நீங்களும் தொடுவீர்கள்.

மீன்தலைக் கறிக்குத் தனியாக ஒருநாள் ஒதுக்குங்கள். இது இந்தியாவிலிருந்து வந்த பதார்த்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. 1949 வாக்கில் சோஃபியா ரோட்டில் கடை வைத்திருந்த கோமஸ் என்ற மலையாளி தொடங்கியது. சீன வாடிக்கையாளர்களுக்கு மீன் தலை என்றால் உயிர் என்பதைப் பார்த்துவிட்டு, அதைத் தென்னிந்தியக் குழம்பில் போட்டார். இப்போது அதற்குப் பெயர்பெற்ற தெரு ரேஸ் கோர்ஸ் ரோடு. முத்துஸ் கறி 1969இலும் பனானா லீஃப் அப்போலோ 1974இலும் தொடங்கியவை. எது நல்லது என்று கேட்டால் எங்கள் வீட்டிலேயே ரெண்டு கட்சி. என் ஓட்டு குழம்பில் புளிப்பு தூக்கலாக இருக்கும் பக்கம். அது எந்தக் கடை என்று சொல்லமாட்டேன், சமையல்காரர் மாறினால் என் ஓட்டும் மாறும்.

தனியாகப் போய் ஆர்டர் செய்யாதீர்கள். மூன்று பேராவது வேண்டும். வாழை இலையில் சோறும் காயும் அப்பளமும் முதலில் வரும். பிறகு பெரிய சட்டியில், குழம்புக்குள் பாதி முங்கியபடி ஒரு தலை. வெண்டைக்காயும் கத்தரிக்காயும் மிதக்கும், சில இடங்களில் அன்னாசித் துண்டும். அனுபவமில்லாதவர்கள் நேராக நடுவில் கரண்டியைப் போட்டு முள்ளோடு மல்லுக்கட்டுவார்கள். நீங்கள் கன்னத்திலிருந்து தொடங்குங்கள். செவுளுக்கு முன்னால், கண்ணுக்குக் கீழே, கட்டைவிரலால் லேசாக அழுத்தினாலே வழுக்கிக்கொண்டு முழுசாக வரும் வெண்மையான ஒரு துண்டு, அதுதான் தலையிலேயே சிறந்த இடம். ஒரு தலைக்கு ரெண்டே கன்னம், அதனால் பேச்சை நிறுத்திவிட்டு வேலையைப் பாருங்கள். கண்ணை யார் எடுப்பது என்று என் சீன நண்பர்கள் சண்டையே போடுவார்கள். நான் விட்டுக்கொடுத்துவிடுகிறேன், பெருந்தன்மையெல்லாம் இல்லை.

இந்த மாதிரி உட்கார்ந்து சாப்பிடும் கடைகளில் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ரெண்டு கூட்டல் குறி இருந்தால் கவனியுங்கள். முதல் குறி 10 விழுக்காடு சேவைக் கட்டணம். அதைச் சேர்த்த தொகையின் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி, அதுதான் இரண்டாவது. மெனுவில் 20 வெள்ளி என்றால் 22 ஆகி, பில்லில் 23 வெள்ளி 98 காசு என்று வந்து நிற்கும். அதற்குமேல் டிப்ஸ் வைக்கும் வழக்கம் இங்கே இல்லை. அங்காடிக் கடைகளில் போர்டில் எழுதியிருக்கும் விலைதான் விலை. சில்லறை கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், ரொக்கம் மட்டும் வாங்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன.

ஒரு மாதம் முடிந்ததா? இப்போது இட்லிக்குப் போகலாம். சைவத்துக்கு சிராங்கூன் ரோட்டில் 1947லிருந்து கோமள விலாஸ் இருக்கிறது. அதற்கும் மூத்தது 1924இல் தொடங்கிய ஆனந்த பவன். சையது ஆல்வி ரோட்டுப் பக்கம் முருகன் இட்லிக் கடை. தீபாவளி சமயத்தில் மட்டும் இந்த வட்டாரத்தில் எந்தக் கடையிலும் அரைமணி நேரத்துக்குக் குறைந்து இடம் கிடைக்காது, சாப்பிட்டுவிட்டே ஒளியூட்டு, அதாவது தெரு விளக்கு அலங்காரம், பார்க்கப் போங்கள்.

தண்ணி விஷயத்துக்கு வருவோம். இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை, மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும். 2015 ஏப்ரலிலிருந்து தீவு முழுக்க இரவு 10:30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது, கடையில் வாங்கிக்கொண்டு போகவும் முடியாது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளமும் பொது இடம்தான். தேக்காவும் கேலாங்கும் இதைவிடக் கெடுபிடியான வட்டாரங்கள். சனிக்கிழமை காலை 7 முதல் திங்கட்கிழமை காலை 7 வரை வெளியில் உட்கார்ந்து ஒரு டின் பியர்கூடத் திறக்கக் கூடாது. பொது விடுமுறைகளுக்கும் அதற்கு முந்தைய இரவுக்கும் இதே மாதிரி தடை உண்டு. 2013 டிசம்பர் 8ஆம் தேதி ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததை அடுத்து வெடித்த கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டம் இது. அபராதம் 1,000 வெள்ளி வரை போகும், இந்த வட்டாரத்தில் அதற்கும் மேலே. “புல்தரையில யாரும் இல்லையேண்ணே” என்பதெல்லாம் எடுபடாது. குடிப்பதானால் உரிமம் உள்ள கடைக்குள் உட்கார்ந்து குடியுங்கள். 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

காப்பிக்கடையில் பெரிய பாட்டில் பியர் வாங்கி, ஐஸ் போட்டு நாலு பேர் பங்கிட்டுக்கொள்வதுதான் செலவு குறைவான வழி. டன்லப் ஸ்திரீட், ஜாலான் புசார் பக்கம் பார்கள் இருக்கின்றன, விலையும் பார் விலை.

தமிழ்ப் பாட்டு மேடை உள்ள கிளப்புகள் தனி ரகம். முதல் வருஷத் தீபாவளிக்கு அப்படி ஒன்றுக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். மேடையில் ஒரு பெண் பழைய பாட்டொன்றை உருக்கமாகப் பாடினார். பரிசாரகர் தட்டில் ஒரு மாலையோடு வந்து, “தம்பி, அக்காவுக்குப் போடுறீங்களா?” என்றார். கோயில் மரியாதை போல என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். அவர் என் பெயரைக் கேட்டுக்கொண்டு போய் மேடையில் மாலையைப் போட, மைக்கில் என் பெயர் ஒலிக்க, மொத்த மேசையும் கை தட்டியது. பெருமையாகத்தான் இருந்தது. பில் வந்தபோது நாங்கள் நாலு பேர் குடித்ததைவிட அந்த மாலை அதிகம். மாலைக்கு விலை உண்டு, சில மாலைகளுக்கு நூற்றுக்கணக்கில் உண்டு. தலையாட்டும் முன் கேளுங்கள், கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அன்றைக்கு வெளியே வந்தபோது கடைசி ரயில் போயிருந்தது. டாக்சிக்கும் காசு பத்தாது. திறந்திருந்த ஒரு கடையில் ஆளுக்கு ரெண்டு கோசோங்கும் ஒரு தே ஹலியாவும் சாப்பிட்டுவிட்டு, காலை முதல் ரயிலுக்கு அங்கேயே உட்கார்ந்திருந்தோம். சீனி தொட்டு நான் சாப்பிட்ட முதல் பராட்டா அதுதான்.