மாடி பேஸ்போர்டு சூடாகவில்லையா? முதலில் காற்றைப் பாருங்கள்

நியூ ஜெர்சி வீடு. கீழ்த்தளம் கதகதப்பு, மாடியில் சுவரோரம் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் பேஸ்போர்டு ஜில்லென்று இருந்தது. குழாயில் களகளவென்று சத்தம். காற்று அடைத்ததற்கு அதுவே அடையாளம். வெந்நீரைச் சுற்றவிடும் பம்ப்பை மாற்ற அவசரப்படாதீர்கள்.

தண்ணீரைச் சூடாக்கும் பாய்லரின் பிரஷர் கேஜ் 8 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டியது. ஆறிய நிலையில் 12 வேண்டும். 1 பிஎஸ்ஐ தண்ணீரை 2.31 அடி ஏற்றும். அடித்தளத்து பாய்லரிலிருந்து மாடிக்கு 8 போதாது.

பாய்லரை அணைத்து நன்றாக ஆறவிட்டேன். சூடான வார்ப்பிரும்பில் குளிர்நீர் பாய்ந்தால் விரிசல் விடும். மாடி ஜோனில் (மாடிக்கான தனிக் குழாய்ச் சுற்று), தண்ணீர் பாய்லருக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயிலுள்ள வடிகால் வால்வில் ஹோஸை மாட்டி, மறுமுனையை வாளித் தண்ணீருக்குள் வைத்தேன். வடிகாலுக்கும் பாய்லருக்கும் நடுவிலுள்ள பால் (ball) வால்வையும் மற்ற ஜோன்களையும் மூடி, மாடி ஜோன் வால்வின் லீவரைக் கையால் திறந்தேன். பிறகு வடிகாலைத் திறந்து, குழாய்நீரை அழுத்தம் குறைத்து பாய்லருக்குள் விடும் பிரஷர் ரெடியூசரின் லீவரைத் தூக்கியதும் வாளியில் குமிழி பொங்கியது. அடங்கியது போலிருந்து, மறுபடி ஒரு பெரிய குமிழி! அதனால் குமிழி நின்ற பிறகும் சில நிமிடம் ஓடவிடுங்கள். கேஜ் 25ஐத் தாண்டக் கூடாது. 30ல், மிகையான அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறக்கும், பிறகு சொட்டிக்கொண்டே இருக்கலாம்.

லீவரை இறக்கி, வடிகாலை மூடி, 12 இருப்பதைப் பார்த்துவிட்டு வால்வுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். பாய்லர் ஓடியதும் ரிட்டர்ன் குழாய் சூடேறியது.

பிரஷர் இறங்கக் காரணம், ரெடியூசர் சிக்கித் தானாக நீர் நிரப்பாததுதான். அதை மாற்றினேன். மாறாக, சூடாகும்போது கேஜ் 30ஐ நெருங்கினால் சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் எக்ஸ்பேன்ஷன் டேங்கின் காற்று வால்வை அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது, டேங்கையே மாற்ற வேண்டும்.