பழைய புல்லட்டுக்கு ஆயில் கூலர் தேவையா?

திருவொற்றியூரில் தயாரான பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு சிலிண்டர்) ராயல் என்ஃபீல்டு புல்லட் 350-க்கு ஆயில் கூலர் (இன்ஜின் எண்ணெயைக் காற்றில் ஆற்றும் சிறு ரேடியேட்டர்) வாங்கும் முன், எதனால் சூடாகிறது என்று பாருங்கள். இக்னிஷன் டைமிங் பின்தங்கி ஸ்பார்க் தாமதமாக விழுந்தால், கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைவாகக் கொடுத்தால், இன்ஜினின் சூட்டை வெளியேற்றும் தகடுகளான ஃபின்களுக்கு நடுவே சேறும் எண்ணெயும் அப்பியிருந்தால் வண்டி கொதிக்கத்தான் செய்யும், அதைக் கூலர் சரிசெய்யாது. ஸ்பார்க்கைத் தூண்டும் கான்டாக்ட் பாயின்ட்டின் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்து, அப்புறம் டைமிங்கைச் சரிபார்த்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: முனை வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டுங்கள்.

அடுத்து எண்ணெயின் வெப்பத்தை அளந்துவிடுங்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் 90–110 டிகிரி செல்சியஸ்தான் என்றால் காசைச் செலவழிக்க வேண்டாம். 130-ஐத் தாண்டியே நிற்கிறது, நீங்களும் மே வெயிலில் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்டுபவர் என்றால் சரி, போடுங்கள். வால்வுகளை இயக்கும் ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயில் மட்டும் இணையுங்கள். பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடின் அடிமுனை பேரிங்) எண்ணெய் போகும் பக்கம் கை வைக்கவே கூடாது, அங்கே ஒரு ஹோஸ் கழன்றால் பேரிங் போய்விடும். ஊருக்குள் ட்ராஃபிக்கில் ஊர்ந்தே போகும் வண்டி என்றால் கூலரில் காற்றே படாது. மலைக்குளிரில் கூலரை மூடிவிடுங்கள். எண்ணெய் போதிய சூடு ஏறாவிட்டால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல், ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.